மன்னிப்பு மெயில்

“ஏளா, கேட்டைத் திறக்கப் போறியா, இல்லையா?”

மேனேஜர் தேவபிரசாதம் போட்ட சத்தத்தில் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. ஜெப்ஸி மட்டும் நிமிரவில்லை.

“திறக்க மாட்டேன் சார்.”

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுத்த ஆபீஸ் அது. லாரி வந்தால் அந்த சாஃப்ட்வேரே கன்டெய்னர் நம்பரைப் படித்து யார்டு கேட்டைத் திறந்துவிடும். காலையில் அதை நிறுத்தியவள் ஜெப்ஸி. யார்டு ஆட்கள் கையால் எழுதி ஒவ்வொன்றாக விட்டதில், லாரிகள் முத்தையாபுரம் வரை வரிசையில் நின்றன.

“நம்பரைப் படிக்க நெட்ல யாரோ எழுதி வச்ச ஒரு பேக்கேஜை இலவசமா எடுத்துப் போட்டோம்லா சார்? அதோட புது அப்டேட்ல எவனோ திருட்டு புரோகிராம் ஒளிச்சு வச்சிருக்கான். நம்ம பாஸ்வேர்டெல்லாம் வெளிய போகுது. அதைக் கழட்டிட்டு எல்லாத்தையும் மாத்துத வரைக்கும் கேட் திறக்காது.”

“யார்டு ஓனர் தங்கப்பாண்டி அண்ணாச்சி வந்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

உள்ளதைச் சொல்லி தேவபிரசாதத்துக்குப் பழக்கமில்லை. யாரையாவது கைகாட்டித்தான் பழக்கம்.

“‘என் கவனக்குறைவால் நடந்தது, மன்னிக்கவும்’னு உன் பேர்ல அண்ணாச்சிக்கு ஒரு மெயில் போடு.”

அப்படி ஒரு மெயில் போனால் அவள் வேலையும் போகும். தூத்துக்குடியில் வேறெந்த ஷிப்பிங் ஆபீஸும் அவளைச் சேர்க்காது. ஜெப்ஸிக்கு அது நன்றாகவே தெரியும்.

“போட மாட்டேன் சார். கண்டுபிடிச்சவ நானு. நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?”

அடுத்த நிமிஷம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய மெசேஜ் வந்து விழுந்தது. ‘ஜெப்ஸியின் திமிரால் வேலை நின்றது. திருந்தாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். காட் ப்ளெஸ் யூ.’

நாசரேத் ஊர்க்காரர், சர்ச்சுக்குத் தவறாதவர். யாரைக் கிழித்துத் தொங்கவிட்டாலும் கடைசியில் ஆசீர்வாதம் போடாமல் விடமாட்டார். பக்கத்து சீட் ஷாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஜெப்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எழுந்து நின்றாள்.

“சார், எங்க அப்பா சங்கு குளிக்கிறவரு. அவரு கடல்ல இறங்கினா, வள்ளத்துல கயிறு பிடிக்கது எங்க தாய்மாமன்தான். கூடப்பொறந்தவ தாலியறுக்க மனசு வராதுன்னு மச்சான் கையிலதான் கயித்தைக் கொடுப்பாங்க. இந்தப் பேக்கேஜோட சாவி, அதான் அப்டேட் போடுத உரிமை, போன வருஷம் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் கைக்கு மாறியிருக்கு. யாரு கையில கயிறு இருக்குன்னு கேக்காமலே நாம குதிச்சிருக்கோம்.”

“அப்போ கயித்தைக் கண்டவன்கிட்ட கொடுத்தவனைத்தான் உள்ள தள்ளணும். அதைச் செஞ்சவன் எவன்? எந்த நாட்டுல கெடந்தாலும் போனைப் போடு!”

“நாடெல்லாம் தாண்ட வேண்டாம். அந்தப் பேக்கேஜை எழுதினவங்க ஸ்ரீவைகுண்டத்துலதான் இருக்காங்க, இந்துமதின்னு. காலையிலயே விஷயத்தைச் சொல்லிட்டேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டாள். தேவபிரசாதம் குனிந்து கத்தினார்.

“ஏம்மா, யாருன்னே தெரியாதவன்கிட்ட சாவியைக் கொடுத்திருக்கீங்களே, புத்தி இருக்கா?”

எதிர்முனையில் இந்துமதி பேசினார்.

“சார், வீட்டுக்காரருக்கு கிட்னி போயி ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தோம். சம்பளமில்லாமச் செய்யுத வேலை, அப்டேட் போட முடியல. ‘நான் பாத்துக்கிடுதேன்’னு ஒருத்தன் வந்தான். ரொம்ப மரியாதையா எழுதுவான். அப்பவும் நான் கொடுக்கல. ஆனா இன்னொருத்தர் விடாமத் திட்டி எழுதினாரு. ‘முடியலைன்னா உதவ வர்றவன்கிட்ட கொடுத்துட்டு ஒதுங்கு, ஊரான் பொழப்பைக் கெடுக்காதே’ன்னு. ஒருநாள் தாங்க முடியாமக் கொடுத்துட்டேன்.”

“எந்த அறிவுகெட்டவன்மா அப்படி எழுதினான்? அவனைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்!”

“பேரு போடல சார். ஆனா அவ்வளவு திட்டிட்டும், ஒவ்வொரு தடவையும் கடைசியில ‘காட் ப்ளெஸ் யூ’ன்னு எழுதியிருந்தாரு.”

ஜெப்ஸிக்கும் அது புதுச் செய்திதான். ஆபீஸே திரும்பி மேனேஜரைப் பார்த்தது. ஷாம் இப்போது சிரிக்கவில்லை. தேவபிரசாதம் கைக்குட்டையைத் தேடினார்.

வாசலில் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கார் வந்து நின்றது.

ஜெப்ஸி தன் கீபோர்டை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள்.

“அண்ணாச்சி வந்துட்டாரு சார். மன்னிப்பு மெயிலை நீங்களே அடிச்சிருங்க. கடைசியில ஆசீர்வாதம் மட்டும் வேண்டாம்.”