மாறாத நட்சத்திரம்

ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அந்தக் குறைவைப் பக்கத்திலுள்ள, வெளிச்சம் மாறாத ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு அளப்பதுதான் எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆய்வகத்தில் வேலை. அன்று காலை, கடந்த சில இரவுகளில் எடுத்த படங்களைப் பார்த்தால், மாறாத நட்சத்திரமே நடுநடுவே மங்கியிருந்தது.

“அண்ணி, புதுசா ஒரு ஜோடி மாட்டிக்கிச்சு!” என்று நாத்தனார் துள்ளினாள்.

ஒப்பிட வேறொன்றை எடுத்தோம். அதுவும் அதே நேரங்களில் மங்கியிருந்தது. படத்திலிருந்த எல்லாமே அப்படித்தான்.

“மேகமா இருக்கும்” என்றேன்.

கேமராவைச் சரிபார்க்க, முந்தின மாலை தொலைநோக்கிக் கூடத்தைப் பூட்டிவிட்டு உள்விளக்கை மட்டும் எடுத்த படங்களைத் திறந்தாள். அந்த விளக்கும் ஒருமுறை மங்கித் தெளிந்திருந்தது. பூட்டிய கூடத்துக்குள் ஏது மேகம்?

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டீயை மறந்து கணக்குப் போட்டோம். மறைப்புகளுக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்திருந்தது.

“சுற்றுப்பாதை சுருங்குது அண்ணி! என்னமோ கிட்ட வருது! அடுத்தது மத்தியானம். ஆனா பகல்ல எந்த நட்சத்திரத்தைப் பாக்குறது?”

மத்தியானம் வந்தது. வெளியே தெரு வெயிலில் பளிச்சென்று கிடந்தது. மேஜைக்கு எதிர்ப்புறம் இருந்த நாத்தனாரின் முகம் மட்டும் ஒரு காதிலிருந்து மறு காதுவரை மெல்ல இருண்டு, அதே வரிசையில் தெளிந்தது. எங்களுக்கு நடுவே ஆறிப்போன டீயைத் தவிர ஒன்றுமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

“அசையாதீங்க அண்ணி,” என்றாள், கண்கள் மின்ன. “உங்க முகத்துல இப்பதான் ஆரம்பிக்குது.”