மூன்று நாள் வானம்

இராணுவச் சென்றியில் சிப்பாய் கடதாசியை விரித்ததும் இலட்சுமிப்பிள்ளை ஓரடி முன்னே நகர்ந்தாள்.

அரிசியை நிறுத்து, சவர்க்காரத்தை எண்ணி, சீனிக்குள் கையைவிட்டுக் கிளறி, எல்லாவற்றையும் சரியென்று விட்டவன் கடைசியில் அந்த ஒற்றைத் தாளில் வந்து நின்றான்.

வாசித்தான். மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இது அங்கால போறது இல்ல," என்றான் கொச்சைத் தமிழில். "கவுண்மெந்து பேப்பர். புலிக்குக் குடுக்கவா?"

புலிக்கு எதற்கடா மழைக் கடதாசி? நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அதில் இரகசியம் ஒரு மண்ணும் இல்லை. அடுத்த மூன்று நாளும் வானம் என்ன செய்யும் என்று கொழும்பிலிருந்து வந்த தாள். அதற்காக விடியமுன் வீட்டை விட்டு இறங்கி, இரண்டு சென்றி தாண்டி, பட்டணத்து அரசாங்கக் கந்தோர் வாசலில் தவம் கிடந்து வாங்கியிருந்தாள். தாள் முழுக்கச் சிங்களம். கந்தோர்ப் பியோனுக்கு வாசிக்கத் தெரியாது; தெரிந்த ஐயா அன்றைக்கு வரவில்லை. ஊரில் வயல் காரியம் பார்க்கும் வட்டைவிதானை கதிர்காமத்தம்பி ஒருவர்தான் அம்பாறையில் வேலை பார்த்த காலத்தில் சிங்களம் படித்தவர். அவர் வாசித்துச் சொல்லும்வரை கதிரில் ஒருவரும் தாக்கத்தி வைப்பதில்லை என்று பேச்சு.

வயல்வட்டை முழுக்க நெல் வேளாண்மை விளைந்து தலைசாய்த்து நின்றது. வெட்டிய கதிர் மூன்று நாள் வயலிலேயே கிடந்து காய வேண்டும், அதன் பிறகுதான் சூட்டுப் போராக அடுக்கலாம். அதற்குள் மழை விழுந்தால் கிடந்த கிடையிலேயே முளைத்துவிடும். வெட்டாமல் விட்டால் நனைந்தாலும் தாங்கும்.

மழை பேய்ந்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும். போன வருடம் வானம் பளிச்சென்று இருந்ததை நம்பி வெட்டினார்கள். இரண்டாம் நாளே கொட்டியது. முளைத்த கதிரை மாடு தின்றது. பிள்ளைகள் இதே சென்றியில் கிலோக் கணக்குப் பார்த்து உள்ளே விட்ட அரிசியைத் தின்றார்கள். இந்த வருடமும் போனால் விதைநெல்லுக்கும் வழியில்லை.

வானொலியில் கேட்டால் என்ன என்பவர்கள் புலிகள் கையிலிருந்த படுவான்கரையில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். பற்றரிக்குத் தடை. வெயிலில் காயவைத்துக் காயவைத்து உயிர்கொடுத்த கடைசிச் சோடியும் பொங்கி ஒழுகிப்போயிற்று.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? அரசாங்கம் எழுதிய தாளை அரசாங்கத்தின் துவக்கே மறித்தது.

"ஐயா, வாசிச்சாவது சொல்லுங்க. மழை இருக்கா, இல்லையா?"

அவன் துவக்கு முனையால் பாதையோரத்தைக் காட்டினான். போய் இரு என்று அர்த்தம்.

இருந்தாள். நிழலில்லாத இடம். மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வாவிக்கு மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. கோபத்தில் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கண் அவனுடைய சட்டைப் பையை விட்டு நகரவில்லை. அவள் பிள்ளைகளின் ஒரு வருடச் சோறு அதற்குள் நான்காக மடிந்து கிடந்தது.

அரைமணி போயிருக்கும். முள்ளுக்கம்பியில் காயப்போட்டிருந்த உடுப்புகளை ஒருவன் வாரிக்கொண்டு போனான். அவை இன்னும் ஈரம் சொட்டின.

இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து பங்கரைச் சுற்றிக் வடிகான் வெட்டத் தொடங்கினார்கள். வேறு சிலர் கோதுமை மா மூட்டைகளைத் தூக்கிப் பலகைமேல் அடுக்கினார்கள். ஒருவன் சென்றிக் கூரையில் ஏறிப் பச்சைத் தார்ப்பாய்ப் படங்கை விரித்து, நாலு மூலையும் இழுத்துக் கட்டினான். கீழே நின்று அங்கே கட்டு, இங்கே கட்டு என்று கை நீட்டியவன், கடதாசியைப் பறித்தவன்.

இலட்சுமிப்பிள்ளை கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் போகச் சொன்னார்கள். கடதாசியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கால் மைல் தள்ளி, மருத மரத்தடியில் புருசன் அழகரத்தினம் சைக்கிளோடு நின்றான். ஆம்பிளை அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால்தான் அவளை அனுப்பியிருந்தான்.

"கடதாசி எங்க புள்ள?"

"பறிச்சிட்டானுகள்."

அவன் தலையில் கை வைத்தான். வெட்டுக்காரர் பதினைந்து பேர் விடியக்காலை வந்து நிற்பார்கள். அண்ணாந்து பார்த்தான். கழுவித் துடைத்துவைத்த வானம்.

"அப்ப வானத்த நம்பி வெட்டுவம்."

"வெட்டப்படா. மழை வருது."

"ஆரு சொன்ன?"

அவள் சென்றிப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள்.

"பறிச்சவன்தான். அங்க பாருங்க, இந்த வெயிலுக்குள்ள படங்கு கட்டியிருக்கான்."