கோணல் எழுத்து

ஆராதனை முடிந்ததும் போதகர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, ஜெபப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

'வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. எனக்காக ஜெபியுங்கள்.'

பெயர் இல்லை. எழுத்துகள் கோணலும் மாணலுமாகச் சாய்ந்து கிடந்தன.

"பச்சப்புள்ள எழுத்து. உங்க ரெண்டாங்கிளாஸ் பிள்ளையான்னு பாருங்க டீச்சர்."

டீச்சர் சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். "பெத்தா மட்டும் போதுமா ஐயா? யாருன்னு தெரியட்டும், அந்த அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல், திருத்தக் கொண்டுவந்திருந்த முப்பத்தெட்டு நோட்டுகளையும் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாமனார் மெல்ல அருகில் வந்தார். "ஏம்மா, இன்னைக்கு சர்ச்சுல..."

"அப்புறம் பேசலாம் மாமா. தலைக்கு மேல வேலை கிடக்கு."

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

முப்பத்தெட்டு நோட்டிலும் அந்த எழுத்து இல்லை. டீச்சர் அலுத்துப்போய்த் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'என் மாத்திரை தீர்ந்துவிட்டது. முடிந்தால் வாங்கி வரவும்.'

அதே கோணல். அதே சாய்வு.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன மாமனார் இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சீட்டின் மூலையில் தேதி போட்டிருந்தார். போன புதன்கிழமை.