பூசாத சுவர்

"ருஷ்யாக்காரன் சுட்டான்னு இன்னொரு வாட்டி உன் வாயிலேருந்து வரட்டும்..."

"சுட்டது அவங்கதானே பெரியம்மா, தடியைக் கொஞ்சம் கீழே..."

"...பல்லைப் பொறுக்கி எடுத்துக்கிட்டுத்தான் போவே."

தடி கீழே இறங்கியது, கொர்னேலின் புருவத்தின் மேல். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் அழைத்து வந்திருந்த பதினோரு இத்தாலியர்களும் ஓரடி பின்வாங்கினார்கள்.

புடாபெஸ்டில் ஊர் சுற்றிக் காட்டுவது கொர்னேலின் பிழைப்பு. பாராளுமன்றம், பாலம், கோட்டை எல்லாம் முடிந்த பிறகு எட்டாம் வட்டாரத்தின் இந்த நான்கு மாடி வீட்டுக்குத்தான் கூட்டத்தைக் கொண்டுவருவான். நடுவே முற்றம், அதைச் சுற்றி மாடிக்கு மாடி இரும்புக் கம்பி வைத்த நடை. வாசல் வளைவின் உள்சுவரில், ருஷ்ய ஆதிக்கத்தை எதிர்த்து ஐம்பத்தாறாம் வருஷம் நடந்த கலகத்திலிருந்து யாரும் பூசாமல் விட்ட மூன்று குண்டுத் துளைகள்.

அங்கே செத்தவன் அவனுடைய சின்னத் தாத்தா வில்மோஷ். பத்தொன்பது வயது. வாசலில் நுழைந்தவனை ருஷ்யப் படை சுட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் வரை தவழ்ந்து போய்ச் செத்தான், பிணம் இரண்டு நாள் முற்றத்திலேயே கிடந்தது. வருகிற கூட்டத்துக்கெல்லாம் சொல்கிற கதைதான்.

அன்று ஒரு பெண் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, இது கீழ்நோக்கிச் சாய்ந்து போகிறதே என்றாள். ருஷ்யாக்காரர்கள் நல்ல உயரம் என்றான் கொர்னேல். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எதிர்ப்பக்க இரண்டாம் மாடியிலிருந்து எதெல்கா தடியோடு இறங்கி வந்தாள். எண்பது வயது. பிறந்ததிலிருந்து அதே வீடு.

சண்டை புதிதல்ல. துளைகளுக்கு மேல் வில்மோஷின் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்றைப் பதிக்க கொர்னேல் இரண்டு வருஷமாக அலைகிறான். அவனுடைய தாத்தா ஆஸ்பத்திரியில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். தம்பியின் பெயரைக் கல்லில் பார்க்காமல் கண் மூடமாட்டேன் என்கிறார். மற்றக் குடித்தனக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரு வீடு மறுத்தாலும் கல் ஏறாது. எதெல்கா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சம்மதத்துக்குக் காத்திராமல் கல் தயாராகி வந்து சுவரில் சாய்ந்து நின்றது. "ருஷ்யப் படையால் கொல்லப்பட்டவர்" என்று கடைசி வரி. எதெல்கா அதை வாய்விட்டு வாசித்தாள். பிறகு தடியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த கொத்தனாரின் சுத்தியலை எடுத்தாள்.

முதல் அடியில் கல்லின் மூலை தெறித்தது. இரண்டாவது அடியில் வில்மோஷ் என்ற பெயர் இரண்டாகப் பிளந்தது.

கொர்னேலுக்கு அதற்கப்புறம் கண்மண் தெரியவில்லை. கிழவியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அறைந்தான். அவளுடைய உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. இத்தாலியர்கள் தெருவுக்கு ஓடினார்கள். மேல்மாடியில் யாரோ போலீசைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்கள்.

"அவன் உனக்கு என்ன செஞ்சான்? சொல்லு. செத்தவன் மேல உனக்கென்ன அவ்வளவு வன்மம்?"

அவள் திமிறவில்லை. பிடித்த கையைத் தட்டிவிடவும் இல்லை.

"செத்த அன்னிக்குக் கால்ல என்ன போட்டிருந்தான்னு உங்க வீட்ல சொன்னாங்களா?"

கொர்னேலின் பிடி தளர்ந்தது. சொல்லியிருக்கிறார்கள். வில்மோஷின் செருப்பு வாய் பிளந்துவிட்டது. கூட்டம் அடித்துக் கொன்று மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட அரசாங்கத்து ரகசியப் போலீஸ்காரன் ஒருவனின் காலிலிருந்து அன்று காலை ஒரு ஜோடியைக் கழற்றி மாட்டிக்கொண்டான். தாத்தாவும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். கடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பழுப்பு பூட்ஸ்," என்றான்.

எதெல்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உதட்டைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ரகசியப் போலீஸ்காரனுக்குக் குடுக்கிற பூட்ஸ் அது. உள்ளே எங்க அண்ணன் கலகத்துல குண்டடி பட்டுக் கெடந்தான். அவனைத் தேடி அந்தப் போலீஸ்காரங்க வருவாங்கன்னு மூணு நாளா மாடியில நான்தான் காவல். எனக்குப் பதினஞ்சு வயசு."

வெளியே சைரன் சத்தம் நெருங்கியது. கொர்னேலின் கை தானாகச் சுவரைத் தொட்டது.

"மேலேருந்து பார்த்தா நுழையறவன் முகம் தெரியாது தம்பி, பூட்ஸைப் பார்த்துத்தான் நான் சுட்டேன்."