மறைத்த வால்

“அந்த முதல் படத்தை எடுத்துவிடு, பிரேமலதா.”

“எடுக்க மாட்டேன் சார்.”

விரிவுரையாளர் இந்திரகுமாரிடம் இப்படி வாய்காட்டிய மாணவி இதுவரை கிடையாது. நாளைக்குக் கொழும்பில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் ஒரே ஓர் இடம். அவர் சிபாரிசு செய்தால்தான் உண்டு. வளாகத்தில் வேலைநிறுத்தம் என்பதால் கொடகவெலயில் தனியார் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரி அறையைக் கேட்டு வாங்கி, ஒத்திகை பார்க்க வந்திருந்தார் மனிதர். நன்றிகெட்ட பெண்!

திரையில் அவள் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடு. வாசலில் கொழுந்துக் கூடையோடு அம்மா கருப்பாயி.

“ஊர் இரத்தினபுரி என்று மட்டும் போடு. தோட்டம், லயமெல்லாம் எதற்கு? கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அங்குள்ளவர்களை எனக்குத் தெரியும். ஆய்வை மட்டும் சொல்.”

அவர் எப்போதும் இப்படித்தான், வானொலிச் செய்தி மாதிரி பேசுவார்.

“ஆய்வைத்தான் சார் சொல்றேன்.” அடுத்த படத்தைத் தட்டினாள். “இது டி.என்.ஏ.வை மடிச்சு செஞ்ச குட்டிப் பெட்டி. உயிர்க் கலத்தோட மென்சவ்வு கொழுப்பால ஆனது. பெட்டிக்குத் தண்ணிதான் புடிக்கும். சும்மா விட்டா சவ்வுல ஒட்டாம மெதந்து போயிரும். அதனால கொலஸ்ட்ரோல்ல ஒரு வால் வைக்கிறோம். வால் கொழுப்புக்குள்ள எறங்குனா, பெட்டி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.”

“அதற்கும் லயத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“வால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும் சார். பெட்டிக்குள்ள மறைஞ்சிருச்சுன்னா ஒட்டாது. நானும் மறைக்க மாட்டேன்.”

மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி நப்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“எடுக்காவிட்டால் சிபாரிசு கிடையாது!”

“பரவால்ல சார். எங்கம்மாவ அழிச்சிட்டுத்தான் போகணும்னா, அந்த எடமே எனக்கு வேணாம்.”

“கொழுப்பா உனக்கு?”

“அது இல்லாம எதுவும் ஒட்டாது சார்.”

அவ்வளவுதான். அவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

“அடி கிறுக்குப் புள்ள! லயத்தக் காட்டுனா, நீ எம்புட்டுப் படிச்சிருந்தாலும் ஒனக்கு அரைப்பேருதான் போடுவானுங்க!”

வானொலிக் குரல் மாறியதில் நப்லா மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

“அரைப்பேர் எண்டா என்ன சேர்?” என்று கேட்டாள் நப்லா. டவுனில் புடவைக்கடைக்காரர் மகள் அவள்.

பிரேமலதாதான் சொன்னாள்.

“கொழுந்து கொறைஞ்சா பாதி நாள் சம்பளம்தான் போடுவாங்க நப்லா. அதுதான் அரைப்பேரு. எங்க தோட்டத்து ஆளுங்களத் தவிர யாரும் அப்புடிச் சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது.

“சார், நீங்க எந்தத் தோட்டம்?”