கத்தரிக்கோல் வீட்டுப்பாடம்

ஒன்பது தாள்களையும் மிஸ் மேசைமேல் பரப்பினாள்.

மீன், இலை, குடை, வீடு, பட்டம் என்று ஒன்பது படங்கள். கோட்டின்மேலேயே வெட்டிக்கொண்டு வரச் சொல்லி வாரம் ஒன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவை. மீனுக்கு வால் இல்லை. குடையில் பாதி எங்கே போனதோ தெரியவில்லை. இலையை வெட்டியதா, கடித்துத் துப்பியதா என்று கேட்கலாம் போலிருந்தது.

ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். கவனம் போதாது. கோட்டைப் பார்த்து வெட்டவும். மறுபடி முயலவும்.

எதிரே, நான்கு வயதுக் குழந்தைகளுக்காகச் செய்த நாற்காலியில் சுண்டுவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் முகவாயை இடித்தது. சுண்டு அவளை ஒட்டி நின்று, பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். பைக்குள் புதுப் பென்சில் பெட்டி இருந்தது. பெரிய வகுப்பில்தான் பென்சில் தருவார்கள். ஒரு மாதமாக அவள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

மிஸ் நிதானமாக விளக்கினாள். களிமண் உருட்டுவது விரலுக்குத் தெம்பு வர. மணி கோர்ப்பது, கண் பார்த்த இடத்துக்குக் கை தப்பாமல் போய்ச் சேர. கத்தரிக்கோல் பிடித்தால்தான் ஒரு கை வெட்ட, மறு கை தாளைத் திருப்ப, இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதெல்லாம் ஆன பிறகே பென்சில். வெட்ட வராத பிள்ளையைப் பெரிய வகுப்புக்கு அனுப்பினால் எழுத்தோடு மல்லுக்கட்டும். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும்.

அம்மா சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

மிஸ்ஸுக்கு அது வியப்பாக இருந்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த அம்மாக்கள் யாரும் அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை. வீட்டில் நன்றாக வெட்டுகிறாளே என்பார்கள், அழுவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பேச்சுக்குள் இழுப்பார்கள்.

"கட்டிங் மாஸ்டர் பொண்ணு. இவளுக்குக் கத்தரிக்கோல் வரலன்னா யாரு நம்புவா, சொல்லுங்க" என்று சிரித்தாள் மிஸ்.

மிஸ்ஸின் ரவிக்கைத் துணியும் மாஸ்டர் வேலை பார்க்கும் தையல் கடையில்தான் கிடந்தது. இதோ, அதோ என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. மாஸ்டருக்கு அப்படி என்ன வேலை என்று அதையும் கேட்டு வைத்தாள். அம்மா அதற்கும் தலையாட்டினாள்.

ஆனால் மிஸ்ஸுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. களிமண்ணைக் கடுகளவு உருட்டுகிறவள் இவள். மணி கோர்ப்பதில் வகுப்பிலேயே முதல். கத்தரிக்கோலில் மட்டும் ஏன் இப்படி? இவள் வெட்டிக் கண்ணால் பார்த்ததும் இல்லை. போன வருடம் ஒரு வாண்டு பக்கத்துப் பிள்ளையின் பின்னலை நறுக்கிவிட்டதிலிருந்து வகுப்பில் கத்தரிக்கோலுக்குத் தடை. வெட்டும் பாடம் எல்லாம் வீட்டோடு சரி.

மிஸ் அலமாரியைத் திறந்து, முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். மீன் போட்ட புதுத் தாள் ஒன்றையும் வைத்தாள்.

அம்மாவின் கை சுண்டுவின் தோளுக்குப் போய் அங்கேயே நின்றது.

சுண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் வானத்தைப் பார்க்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது மிஸ் முதல் நாளில் வெறும் விரலால் காட்டிச் சொல்லிக்கொடுத்தது. கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பினாள். வாய், முதுகு, துடுப்பு, வால். வால் நுனியில் நின்று, திரும்பி, அடுத்த பக்கம் இறங்கினாள்.

மீன் முழுசாக மேசைமேல் விழுந்தது. கோடு எங்கும் தப்பவில்லை.

மிஸ் அந்த மீனைப் பார்த்தாள். வாலில்லாத மீனைப் பார்த்தாள். அப்படியானால் இதையெல்லாம் வெட்டியது யார் என்று கேட்டாள்.

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"அத வெளிய சொல்லக்கூடாது மிஸ்" என்றாள் சுண்டு.

ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே மாஸ்டர் காத்துக்கொண்டு நின்றார். எப்போதும்போல வலது கை பாக்கெட்டுக்குள். பிள்ளை ஓடிவந்தாலும் அந்தக் கை வெளியே வராது. பெரிய மிதப்புதான் என்று மிஸ் ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அம்மா குரலை இறக்கினாள்.

"அவருக்கு வலது கைல வாதம் வந்து மூணு மாசம் ஆச்சு மிஸ். கடையில முதுகுவலின்னு சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா வெட்டுற மேசைக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க."

அதற்குமேல் சுண்டுவை அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவைக் களிமண் பிசையச் சொன்னார்கள், கோடு பார்த்துப் பேப்பர் வெட்டச் சொன்னார்கள், வீட்டில் கோடு போட்ட பேப்பர் இவளுடையதுதான் இருந்தது, அதனால் கொடுத்துவிட்டாள். அப்பா கட்டைவிரலை மறந்து மறந்து போகிறார். மிஸ் எழுதியதை ஒவ்வொரு தடவையும் படிப்பார். படித்துவிட்டு மறுபடி உட்காருவார்.

மிஸ் ஒன்பது தாள்களையும் தேதிவாரியாக அடுக்கினாள்.

மீன் முதல் வாரத்தது. கடைசியில் பட்டம். பட்டத்தின் மூன்று பக்கம் கோட்டின்மேலேயே போயிருந்தது. நாலாவது பக்கம்தான் நழுவியிருந்தது. அதன் கீழும் மறுபடி முயலவும் என்றுதான் இருந்தது.

படிவத்தை எடுத்துப் பெரிய வகுப்பு என்ற கட்டத்தில் குறியிட்டாள். தன் துணிக்கு ஒன்றும் அவசரமில்லை என்றாள்.

பிறகு பாடத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். வட்டம், எல்லாவற்றிலும் கடினமானது. தேதி போட்டாள்.

வழக்கமாகப் பிள்ளையின் பெயரையும் அவளேதான் எழுதுவாள். இன்று அந்த இடத்தைக் காலியாக விட்டு, தாளைச் சுண்டுவின் பையில் வைத்து ஜிப்பை மூடினாள்.