பிஞ்சோடு விரிந்த பூ

தர்பூசணிக் கொடியில் அன்று காலை ஒரு பெண்பூ விரிந்தது. அதன் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு ஒட்டியிருந்தது. ஆண்பூக்களில் புரண்டு மேலெல்லாம் மகரந்தத்தோடு வந்த தேனீ, பிஞ்சைப் பார்த்ததும் விலகியது.

"நீதான் காய்ச்சிட்டியே, உனக்கு எதுக்கு?"

"கொடுத்து வச்சவ" என்றது பக்கத்து ஆண்பூ.

பெண்பூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது பேருக்குத்தான் பிஞ்சு. மகரந்தம் சேரலன்னா நாளைக்கே வெம்பி உதிர்ந்துடும். வா இங்க."

தேனீ உட்கார்ந்து எழுந்தது. "போதுமா?"

"போதாது. இதோட விட்டா ஒரு பக்கம்தான் திரளும். இன்னும் கொண்டு வா."

தேனீ கொண்டு வந்தது. பூ மறுபடியும் கூப்பிட்டது. வெயில் ஏற ஏறக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"இப்படி விடாமக் கேக்குறியே, கூச்சமா இல்லயா?"

"கூச்சப்பட எனக்கு நேரமில்ல. மத்தியானம் மூடிடுவேன். வா."

மறுநாள் தேனீ வந்தபோது பூ வாடியிருந்தது. பிஞ்சு கனத்து, மண்ணை நோக்கித் தலை கவிழ்ந்திருந்தது.

சற்றுத் தள்ளி, பிஞ்சோடு இன்னொரு பூ அப்போதுதான் விரிந்து, வாய் திறக்கத் தயங்கி நின்றது. கூப்பிடாமலே போய் அதில் உட்கார்ந்தது தேனீ.